ஓய்வுத் தெருவில் ஒரு வீடு

சார்த்ர் நகருக்குப் போகிறவர்கள் பேராலயத்தைப் பார்க்கவே போகிறார்கள். நாங்களும் அப்படித்தான் கிளம்பினோம். பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ரயில் பயணம். கோதுமை வயல்களுக்கு மேலே ஒன்றுக்கொன்று ஒவ்வாத இரண்டு கூர்கோபுரங்கள் முதலில் தெரிகின்றன. ஊர் அதற்குப் பிறகுதான் வருகிறது. 2018 ஜூன் மாதம். நாங்கள் என்று இங்கே எழுதுவது அக்காள் தங்கை இருவரை. மூத்தவள் புதுச்சேரியிலேயே இருக்கிறாள். இளையவள் பாரிஸின் புறநகர் ஒன்றில் பல ஆண்டுகளாக வசிக்கிறாள். எழுபத்தாறு வயது அம்மாவை மூத்தவள் அழைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

பேராலயத்தின் கண்ணாடிச் சாளரங்களைப் பற்றி எழுதாத பயணக் கட்டுரையே இல்லை என்பதால் அதை விட்டுவிடலாம். எண்ணூறு ஆண்டுப் பழமை கொண்ட அந்த நீலத்தை அம்மா கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தார். பிறகு வெளியே வந்து கல் பெஞ்சில் அமர்ந்து, "அடுத்து எங்கடி?" என்றார். அடுத்த இடத்தின் பெயரை நாங்கள் அவரிடம் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் வரமாட்டாரோ என்ற அச்சம் எங்கள் இருவருக்கும் இருந்தது. காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

யூர் ஆற்றைக் கடந்து கிழக்கே சென்றால் சேன்ட் ஷெரோன் என்ற பகுதி. சிறிய வீடுகள், சிறிய தோட்டங்கள், சற்றுத் தள்ளி இடுகாடு. அங்கே உள்ள ஒரு தெருவின் பெயர் ரூ து ரெப்போ. தமிழில் ஓய்வுத் தெரு என்று சொல்லலாம். இடுகாட்டை நோக்கிச் செல்லும் தெருவுக்கு இப்படிப் பெயர் வைத்தவர் நகைச்சுவை உணர்வு உள்ளவராக இருந்திருப்பார், அல்லது அறவே இல்லாதவராக. அந்தத் தெருவின் 22ஆம் எண் வீட்டைத் தேடித்தான் வந்திருந்தோம். தெருவிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. நுழைவாயிலைக் கடந்து உள்ளே போன பிறகுதான் கண் கூசுகிறது.

ரேமோன் இசிதோர் 1900ஆம் ஆண்டு சார்த்ரிலேயே பிறந்தவர். வறிய குடும்பம். 1924இல் தன்னைவிடப் பதினோரு வயது மூத்தவரான ஆத்ரியென் என்ற விதவையை மணந்தார். அவருக்கு ஏற்கெனவே மூன்று குழந்தைகள். 1929இல் இந்த நிலத்தை வாங்கித் தன் கையாலேயே ஒரு சிறு வீட்டைக் கட்டினார். மூன்றே அறைகள். பல வேலைகள் பார்த்து, கடைசியில் 1949இல் சேன்ட் ஷெரோன் இடுகாட்டைப் பெருக்கும் பணியாளரானார். வீடும் வேலையிடமும் கூப்பிடு தூரம்தான்.

1938இல் ஒருநாள் வயல்வெளியில் நடந்து போகும்போது மண்ணில் சில கண்ணாடித் துண்டுகளும் பீங்கான் சில்லுகளும் மின்னுவதைக் கண்டிருக்கிறார். எந்த நோக்கமும் இன்றி, நிறத்துக்காகவும் பளபளப்புக்காகவும் மட்டுமே அவற்றைப் பொறுக்கியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். நல்லவற்றைப் பிரித்துத் தோட்டத்தின் ஒரு மூலையில் குவித்து வைத்தார். குவியல் வளர்ந்தது. குவியலைப் பார்க்கப் பார்க்க, வீட்டுச் சுவரில் பதிக்கலாமே என்று தோன்றியிருக்கிறது. ஒரு சுவரோடு நின்றுவிடும் என்றுதான் அவரும் நினைத்தார்.

நிற்கவில்லை. சுவர்கள் முடிந்ததும் தரை. தரை முடிந்ததும் அறைகலன்கள். உள்ளே முடிந்ததும் வெளிச்சுவர், முற்றம், பூந்தொட்டிகள். பக்கத்து நிலத்தையும் வாங்கி அங்கே ஒரு சிறு ஜெபக்கூடம், ஒரு கோடைக்கால வீடு, தோட்டம். 1962 வரை நடந்த இந்த வேலைக்குச் சுமார் 15 டன் உடைந்த பாண்டங்களும் 40 லட்சம் துண்டுகளும் 29,000 மணி நேரமும் ஆகியிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இத்தகைய கணக்குகளில் எங்களுக்குப் பெரிய நம்பிக்கை இல்லை என்றாலும், இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு வகுத்துப் பார்த்தோம். நாளொன்றுக்கு மூன்றேகால் மணி நேரம் வருகிறது. ஞாயிறும் பண்டிகையும் சேர்த்து. வேலை முடிந்து வீடு திரும்பியபின், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னுமாக, ஒருநாள் விடாமல் மூன்றேகால் மணி நேரம். மூன்றேகால் மணி என்ற கணக்கு எங்களுக்கு உடனே பிடிபட்டது. அதையும் பிறகு சொல்கிறோம்.

ஊரார் அவரைப் பைத்தியம் என்றார்கள். பிறகு பிக்காசியெத் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பிரெஞ்சில் பிக் அசியெத் என்றால் அடுத்தவர் தட்டில் கொத்தித் தின்பவன். நம் ஊர் வழக்கில் ஓசிச்சோற்றுக்காரன். தட்டு பொறுக்குகிறவனுக்கு அது பொருத்தமான ஏளனம்தான். கூடவே பிக்காஸோவின் பெயரும் அதற்குள் ஒலிக்கிறது. ஏளனமாக வைத்த அதே பெயரில், மேஸோன் பிக்காசியெத் என்று, இன்று நகராட்சியே வழிகாட்டிப் பலகை நட்டிருக்கிறது. 1981இல் வீட்டை நகராட்சி வாங்கியது. 1983இல் அது வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இசிதோர் 1964இலேயே இறந்துவிட்டார்.

உள்ளே நுழைந்தோம். அறைகள் மிகச் சிறியவை. மூன்று பேர் நின்றால் நான்காமவர் வாசலில் காத்திருக்க வேண்டும். சுவரெங்கும் பூக்கள், பறவைகள், பேராலயங்கள். சார்த்ர் பேராலயம் மட்டும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணத் தொடங்கி விட்டுவிட்டோம். சில இடங்களில் தட்டின் விளிம்பில் இருந்த பூவேலை அப்படியே சுவரின் பூவாகியிருக்கிறது. யாரோ ஒருவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு எடுத்த தட்டு. இரும்பு அடுப்பின் மேல் சில்லு பதித்திருக்கிறார். கட்டிலின் சட்டங்களில் பதித்திருக்கிறார். மேசை, நாற்காலி எதுவும் தப்பவில்லை. பார்க்கிறவருக்கு முதலில் வருவது வியப்பு. அடுத்து வருவது ஒருவித மூச்சுமுட்டல். இந்த இரண்டாவது உணர்வைக் கலை நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

அம்மா தையல் இயந்திரத்தின் முன்னால் நின்றுவிட்டார். ஆத்ரியெனுடைய தையல் இயந்திரம். அதன் உடலெங்கும் சில்லுகள். தொடக் கூடாது என்ற அறிவிப்பை இளையவள் மொழிபெயர்த்துச் சொல்லியிருந்ததால், அம்மா விரலை நகக்கண் இடைவெளியில் நிறுத்தி, அந்தரத்திலேயே தடவிப் பார்த்தார்.

"இதுல அந்தம்மா எப்படிடி தச்சிருப்பா? துணி மாட்டிக்காது?"

எங்களிடம் பதில் இல்லை. ஆத்ரியென் அந்த இயந்திரத்தில் அதற்குப் பிறகு தைத்தாரா, அந்த அடுப்பில் சமைத்தாரா என்பதை எங்கள் இருவருக்கும் முன்பே கேட்கத் தோன்றியிருக்கவில்லை. அம்மாவுக்குத் தோன்றிய முதல் கேள்வியே அதுதான்.

இனிச் சொல்லிவிடலாம். எங்கள் அப்பாவும் சில்லு பதித்தவர்.

புதுச்சேரியில் எங்கள் வீட்டு வாசலில் நாங்கள் நொண்டி ஆடுவோம். நொண்டிக்கு நல்ல சில்லு வேண்டும். கட்டத்துக்குள் விழுந்தால் துள்ளாமல் நிற்கிற கனமான சில்லு. அப்படிப்பட்டவற்றைத் தேர்ந்து திண்ணை மாடத்தில் வைத்திருப்போம். 1984 வாக்கில் அவை ஒவ்வொன்றாகக் காணாமல் போகத் தொடங்கின. பிறகு ஒருநாள் கொல்லைப்புறச் சுவரில் அவற்றைக் கண்டுபிடித்தோம். சிமெண்டில் புதைந்து, ஒரு மயிலின் கழுத்தாகியிருந்தன. அப்பா பஞ்சாலை ஒன்றில் கணக்கெழுதுபவர். ஆறு மணிக்கு வீடு திரும்பிக் காபி குடித்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனால் ஒன்பது, ஒன்பதேகாலுக்குத்தான் வருவார். உடைந்த ஊறுகாய் ஜாடி, கோப்பைகள், வளையல், ரசம் போன கண்ணாடி, பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தரையோடு, எல்லாம் கொல்லையில் குவிந்தன. உடைந்ததை வீட்டுக்குள் வைத்தால் தரித்திரம் என்பது ஆயாவின் கட்சி. அவர் உயிரோடு இருந்தவரை அதைச் சொல்லாத நாளில்லை. அப்பா பதில் பேசமாட்டார்.

சுற்றுச்சுவர் முடிந்ததும் கிணற்றுச் சுவர். பிறகு அம்மா துணி துவைக்கும் கல்லை ஒட்டிய தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் விளிம்பில் அம்மாவின் மணிக்கட்டு ஒருமுறை நீளமாகக் கிழிந்தது. அன்றிரவே அப்பா அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சில்லின் முனையையும் அரத்தால் தேய்த்துக் கொண்டிருந்த ஓசை எங்கள் இருவருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் பதிப்பதை நிறுத்தவில்லை. பள்ளித் தோழிகளைக் கொல்லைப்பக்கம் வரவிடாமல் பார்த்துக் கொள்வது எங்கள் வேலையாக இருந்தது. யாராவது பார்த்துவிட்டால், பாம்பு வராமல் இருக்க என்று சொல்வோம். எப்படி அந்தப் பொய்யைக் கண்டுபிடித்தோம் என்று தெரியவில்லை; எல்லோரும் நம்பினார்கள்.

அப்பா 2009இல் மறைந்தார். 2011இல் வீட்டை விற்றோம். மனையின் மதிப்புதான் பேசப்பட்டது. கட்டடத்துக்கு விலையே இல்லை. பொக்லைன் வந்து ஒரு காலைப்பொழுதில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் போனது. பொக்லைன் என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அந்தச் சொல் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயர் என்பது இளையவளுக்கு இங்கே வந்தபின்தான் தெரிந்தது. ஒரு புகைப்படம்கூட நாங்கள் எடுத்து வைக்கவில்லை. குடும்ப விழாப் படங்களில் பின்னணியாக ஓரிரண்டு இடங்களில் மயிலின் தோகை தெரிகிறது, அவ்வளவுதான். இளையவள் பல ஆண்டுகள் கழித்து இசிதோரைப் பற்றித் தற்செயலாகப் படித்துவிட்டு நடு இரவில் மூத்தவளைத் தொலைபேசியில் அழைத்தாள். அன்றுதான் எங்களுக்கு நாங்கள் செய்தது என்னவென்று உறைத்தது. அதன்பிறகு அதைப் பற்றி அம்மாவிடம் பேச எங்களுக்குத் துணிவு வரவில்லை.

ஓவியர் ழான் துபுஃபே 1945இல் ஆர் ப்ரூட் என்ற சொல்லை உருவாக்கினார். பயிற்சியோ கலைச்சந்தையின் பழக்கமோ இல்லாதவர்களின், பக்குவப்படாத பச்சைக் கலை என்று அதை விளக்கலாம். 1972இல் ரோஜர் கார்டினல் எழுதிய நூலின் வழியே ஆங்கிலத்தில் அது அவுட்சைடர் ஆர்ட் ஆயிற்று. இசிதோருக்கு முன்னோடியாகத் தபால்காரர் ஷெவாலைச் சொல்வார்கள். தெற்கே ஒத்தெரீவ் கிராமத்தில் 1879 முதல் முப்பத்துமூன்று ஆண்டுகள் வழியில் கிடந்த கற்களைப் பொறுக்கி ஓர் அரண்மனை கட்டியவர். நம் நாட்டிலும் நேக் சந்த் இருந்தார். சண்டிகரில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்துக்கொண்டே, அரசு நிலத்தில் ஒருவருக்கும் தெரியாமல் உடைந்த வளையல்களாலும் பீங்கானாலும் ஓர் உலகத்தை அமைத்தவர். ஆனால் ஷெவாலின் அரண்மனையில் குடும்பம் குடியிருக்கவில்லை. நேக் சந்தின் தோட்டத்தில் யாரும் துணி துவைக்கவில்லை. இசிதோரின் வீடு அவற்றிலிருந்து வேறுபடும் இடம் இதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். இங்கே கலை ஒரு பெண்ணின் அடுப்பின் மேல் வந்து உட்கார்ந்தது. வெளியாள் கலை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கலை உலகத்துக்குத்தான் அவர் வெளியாள். ஆத்ரியெனுக்கு அவர் தினமும் மாலையில் பசியோடு வீட்டுக்கு வருகிறவர்.

அதே சமயம் இதை ஒரு கொடுமைக்கதையாக எழுதிவிடவும் எங்களுக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று பிள்ளைகளோடு இருந்த ஒரு மூத்த பெண்ணை மணந்து, தன் கையால் வீடு கட்டித் தந்த மனிதர் அவர். அந்தத் தையல் இயந்திரத்தை அவர் அழகுபடுத்தியது அதை அபகரிக்கவா, அல்லது தன்னிடம் இருந்த ஒரே செல்வத்தை அதற்கு அணிவிக்கவா? அரத்தின் ஓசையைக் கேட்டு வளர்ந்த எங்களால் அதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை.

முற்றத்துக்கு வந்தோம். இருண்ட நிறச் சில்லுகளால் ஆன கறுப்பு முற்றம் ஒன்று இருக்கிறது; அங்கே ஓர் அரியணை. வானத்தைப் பெருக்குபவனின் அரியணை என்று பெயர். பகலெல்லாம் இடுகாட்டைப் பெருக்கியவர் தனக்குச் செய்துகொண்ட இருக்கை. பின்னால் தோட்டம், சிலைகள், ஆன்மாவின் கல்லறை என்று அவர் அழைத்த ஒரு மேடை. அதற்கு அப்பால் ஜெருசலேம் நகரம் நீல வெளியில் எழுந்து நிற்கிறது. மூன்று அறைக்குள் முட்டிக்கொண்டிருந்த கண் இங்கேதான் சற்று ஆறுகிறது. வயல் நடுவே பிறந்து, இடுகாட்டில் வேலை பார்த்து, ஜெருசலேமில் போய் முடிகிற அந்தப் பாதையை அவர் திட்டமிட்டாரா அல்லது சில்லுகள் கொண்டுபோன வழியில் போனாரா என்பது தெரியாது. அப்பாவின் மயிலுக்கு அப்படிப் போய்ச் சேர இடம் ஏதும் இருக்கவில்லை. கிணற்றடியில் சுவர் முடிந்துவிட்டது.

இசிதோரின் கடைசி நாட்கள் துயரமானவை. மனம் தளர்ந்து, ஒரு புயல் இரவில் வீட்டைவிட்டு வெளியேறி வயல்களில் அலைந்துகொண்டிருந்தவரைக் கண்டுபிடித்து அழைத்து வந்தார்கள். சில நாட்களில் இறந்துபோனார். சில்லு கிடைத்த அதே வயல்கள்தாமா என்று இளையவள் கேட்டாள். மூத்தவள் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா இதையெல்லாம் கேட்டுக் கொண்டிருந்ததாகத் தெரியவில்லை. சுவருக்கு மிக அருகில் கண்ணைக் கொண்டுபோய், இரண்டு சில்லுகளுக்கு நடுவில் இருக்கும் சந்தைப் பார்த்துக் கொண்டிருந்தார்.

"இதுல அழுக்கு சேருமே. யாரு தொடைக்கிறா?"

நகராட்சி ஆள் வைத்துப் பராமரிக்கிறது என்றாள் இளையவள்.

"இப்ப சரி. அப்போ?"

பிறகு அவரே சொன்னார். ஒவ்வொரு போகிக்கும் முந்தைய வாரம், நாங்கள் பள்ளிக்கூடம் போனபிறகு, புளித்தண்ணீரும் தேங்காய் நாரும் வைத்துக் கொல்லைச் சுவர் முழுக்கத் தேய்ப்பாராம். மூன்று நாள் ஆகுமாம். பாசி பிடித்தால் சில்லு கழன்றுவிடும் என்று அப்பா ஒருமுறை சொன்னாராம். பழையதை எல்லாம் வாசலில் போட்டுக் கொளுத்துகிற பண்டிகைக்காக, ஊரில் வேண்டாம் என்று எறிந்தவற்றை அம்மா இருபத்தைந்து ஆண்டுகள் கழுவித் துடைத்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. பொங்கலுக்குச் சுவர் பளபளப்பதைப் பார்த்திருக்கிறோம். அது தானாகவே அப்படி ஆகிறது என்று நினைத்திருப்போம் போல.

"ஏம்மா இடிக்க ஒத்துக்கிட்ட?" என்று மூத்தவள் கேட்டாள். ஏழு ஆண்டுகளாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

"நீங்க ரெண்டு பேரும் வெக்கப்பட்டீங்களேடி" என்றார் அம்மா. குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. வெயில் அதிகமாக இருக்கிறது, போகலாமா என்று அடுத்த வார்த்தை.

திரும்பும் ரயிலில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தூங்கினார். ராம்பூயே நிலையத்தில் வண்டி நின்று கிளம்பியபோது விழித்துக்கொண்டு, பேராலயத்தின் நீலத்தைப் பற்றிப் பேசினார். அப்பாவின் மயிலில் கழுத்து மட்டும் எங்கள் சில்லுகள். தோகையில் இருந்த நீலம் வேறு. வயிற்றுக்கு மக்னீசியப் பால் என்று ஒரு மருந்து அந்தக் காலத்தில் நீலக் கண்ணாடிக் குப்பியில் வரும். அதற்கு ஈடான நீலம் வேறெதிலும் கிடைக்காது. அப்பாவுக்கு அடுத்த வீட்டில் போய்க் காலிக் குப்பி கேட்கக் கூச்சம். அம்மாதான் மண்ணெண்ணெய் ஊற்றி வைக்க என்று சொல்லித் தெருத் தெருவாக வாங்கி வருவாராம்.

"ஒவ்வொரு வீட்டுக்காரியும், உனக்கு எவ்ளோதான் மண்ணெண்ண இருக்கும்னு கேப்பா."

எந்தெந்த வீடு என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். அம்மா விரல் மடக்கத் தொடங்கினார். முனை வீட்டு டீச்சரம்மா நான்கு. மருந்துக்கடைக்காரர் வீட்டில் ஒன்பது, அதில் ஒன்று விரிசல். மாடி வீட்டுக் கிழவர் செத்தபோது அவர் கட்டிலுக்கடியில் இருந்து பன்னிரண்டு, அது தோகையின் வலது ஓரம். பால்காரர் மனைவி கொடுத்தது மூன்றா நான்கா என்பதில் சந்தேகம் வந்து, முதலிலிருந்து எண்ணினார். வெர்சாய் நிலையத்தில் ஏறிய கூட்டத்தில் எங்கள் எதிரே ஒரு பிரெஞ்சுக் கிழவி வந்தமர்ந்தார். அம்மா அவரைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கொண்டு போனார்.